குறைந்த விலையும் நிறைந்த செலவும்

நாளேடுகளின் உட்பக்கங்களில் ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புகள் நாள்தோறும் வெளிவருகின்றன. பொடி எழுத்தில், கட்டத்துக்குள் கட்டமாக அமைந்த அவ்வறிவிப்புகளை ஒப்பந்தக்காரர் அன்றிப் பிறர் படிப்பதில்லை. மாணவர்கள் அப்பக்கத்தைப் புரட்டிவிட்டு விளையாட்டுச் செய்திக்குச் செல்வர். ஆசிரியர்களோ தலையங்கத்தோடு நின்றுவிடுவர். ஆயினும் பொதுமக்களின் பணம் எவ்வழியே சென்று எவ்வுருவில் நிலைபெறுகின்றது என்பதை அறிய விரும்புவோர் முதலில் படிக்க வேண்டிய பக்கம் அதுவேயாகும். பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றம், ஆட்சியர் அலுவலகம், பேருந்து நிலையம் ஆகிய யாவும் முதலில் அக்கட்டத்துக்குள் நான்கு வரிகளாகப் பிறந்தவையே.

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் இப்பொருளுக்கு இடம் ஏது என வினவுவோர் இருக்கலாம். இடம் உண்டு என்பதே நம் கருத்து. சித்திரை மாதத்தில் மேல்தளத்து வகுப்பறையில் நின்று பாடம் நடத்தியவர்களுக்கும், அதைக் கேட்டு அமர்ந்திருந்தவர்களுக்கும் கட்டடத்தின் வெம்மை ஏட்டுச் செய்தி அன்று. மேலும், இத்துறையின் சிக்கல்களில் ஒரு பாதி சொல்லைப் பற்றியது. ‘டெண்டர்’ என்பதற்கு ஆட்சித்தமிழ் வழங்கிய சொல் ஒப்பந்தப்புள்ளி. ‘கொட்டேஷன்’ என்பதற்கு விலைப்புள்ளி. இரண்டிலும் புள்ளி என்பது கணக்கிட்டுக் குறித்த தொகையைச் சுட்டி நிற்கின்றது. புள்ளி ஓரிடத்தில் நிற்பது. அதற்கு நீளம் இல்லை. கட்டடத்தின் செலவோ அடிக்கல் நாட்டிய நாளில் தொடங்கி முப்பது, நாற்பது ஆண்டுகள் நீண்டு செல்லும் கோடு. கோட்டைப் புள்ளியாக எண்ணி விலை பேசுகின்றோம் என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல வந்த செய்தி.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் பொதுக் கொள்முதலில் ஒளிவுமறைவு இருத்தலாகாது என்பதற்காக 1998ஆம் ஆண்டில் ஒப்பந்தப்புள்ளிகளுக்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2000இல் வந்தன. அறிவிப்பு வெளியிடுதல், உறைகளை அனைவர் முன்னிலையிலும் திறத்தல், மறுக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்தல் ஆகியவற்றுக்கு அச்சட்டம் வழிவகுத்தது. அதற்கு முன்னரும் முறைகள் இருந்தன. ஆனால் அவை பெரும்பாலும் அலுவலக ஆணைகளாகவே இருந்தன. சட்டத்தின் பாதுகாப்பு கிடைத்தது பெரும்பேறு. பொதுக்கணக்கைப் பற்றிய இவ்வச்சம் நம் மண்ணுக்குப் புதியதன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் குடவோலையில் பெயர் எழுதப்படத் தகுதியற்றோர் என விதித்தது. இன்றைய முத்திரையிட்ட உறைக்கும் அன்றைய குடத்துக்கும் நோக்கம் ஒன்றே. ஒருவர் விருப்பு வெறுப்பால் பொதுக்காரியம் நடத்தலாகாது என்பதே அது.

இம்முறையில் உறைகளைத் திறந்தபின் மிகக் குறைந்த தொகையைக் குறித்தவருக்கே பணி அளிக்கப்படுகின்றது. இதைக் குறைகூறுவது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. ‘குறைந்த விலைக்குக் கொடுத்தால் குறைந்த தரந்தான் கிடைக்கும்’ என்று தேநீர்க் கடையிலும் பேசுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. குறைந்த விலை என்பது நல்ல அளவுகோலே. எதன் விலை என்பதுதான் வினா. சட்டமும் வெறுங்குறைவைச் சொல்லவில்லை. ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் முன்னரே அறிவிக்கப்பட்ட அளவுகோல்களின்படி மதிப்பிட்டு அறியப்படும் குறைவையே சொல்கின்றது. அந்த அளவுகோல்களை எழுதும் கை மின்கட்டணத்தை மறந்துவிட்டால், சட்டத்தின்மேல் பழி போட்டுப் பயனில்லை.

இனி எரிசக்திச் சேமிப்புக்கு வருவோம். 1973ஆம் ஆண்டு அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் வழங்கலை நிறுத்தியபோது மேலைநாடுகள் திகைத்தன. கட்டடங்களைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் தாம் எரித்து வந்த எண்ணெயின் அளவு அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. அமெரிக்கப் பொறியாளர் கழகம் ஒன்று 1975இல் கட்டடங்களுக்கான எரிசக்தித் தரத்தை வகுத்தது. கலிபோர்னியா மாநிலம் 1978இல் அதைத் தன் கட்டட விதியாகவே ஆக்கியது. அதே எண்ணெய் விலையேற்றந்தான் வளைகுடாவில் செல்வத்தைப் பெருக்கி, நம் ஊர்களிலிருந்து எத்தனையோ இளைஞர்களை அங்கே கொண்டு சேர்த்தது. அவர்கள் அனுப்பிய பணத்தில் இங்கே எழுந்த கட்டடங்களுக்கு மட்டும் அப்பாடம் வந்து சேரவில்லை.

இந்தியாவில் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001இல் நிறைவேறி 2002 மார்ச்சுத் திங்களில் நடைமுறைக்கு வந்தது. எரிசக்தித் திறன் பணியகமும் அப்போதே அமைந்தது. வணிகக் கட்டடங்களுக்கான எரிசக்திச் சேமிப்பு விதித்தொகுப்பு 2007 மே மாதம் வெளியிடப்பட்டு, 2017இல் திருத்தி விரிவாக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் குடியிருப்புகளையும் இவ்வெல்லைக்குள் கொணர்ந்தது. அதன் வழிவந்த புதிய தொகுப்பு 2024இல் வெளியாயிற்று. நூறு கிலோவாட் இணைப்புச் சுமையோ 120 கிலோ வோல்ட் ஆம்பியர் ஒப்பந்தத் தேவையோ உடைய கட்டடங்கள் இதன் வரம்புக்குள் வரும். ஒன்றரை டன் குளிர்பதனப் பெட்டிகள் ஏறத்தாழ அறுபது ஒருசேர ஓடும் கட்டடம் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். இவ்வரம்பைக் குறைத்து மேலும் பல கட்டடங்களை உட்படுத்த மாநில அரசுகளுக்கு உரிமை உண்டு. உள்ளாட்சி அமைப்பு கட்டட அனுமதி தரும்போதே இதைப் பார்க்க வேண்டும் என்பதும் இதன் அடிப்படை.

தொகுப்பு நாட்டை ஐந்து தட்பவெப்பப் பகுதிகளாகப் பிரிக்கின்றது. சென்னையும் அதன் சுற்றுப்புறமும் வெப்பமும் ஈரப்பதமும் மிக்க பகுதியைச் சார்ந்தவை. இங்கே கட்டடத்துக்குள் வெப்பம் நுழையும் பெருவாயில் கூரை. திருமுல்லைவாயிலில் வாழும் நமக்கு இதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பதின்மூன்று பாகை வடக்கே இருக்கும் நம் தலைக்கு நேர்மேலே கதிரவன் ஆண்டுக்கு இருமுறை வருகின்றான். சித்திரையில் ஒருமுறை, ஆவணித் தொடக்கத்தில் ஒருமுறை. அந்நாள்களின் நண்பகலில் கம்பத்துக்கு நிழல் இல்லை. கடற்காற்றோ மெரினாவை எட்டிய பின்னர் நெடுநேரம் கழித்தே, வலுவிழந்து, அம்பத்தூரையும் ஆவடியையும் வந்தடைகின்றது. சில நாள் அதுவும் இல்லை.

கூரையின் வழியே ஒரு சதுர மீட்டருக்கு, உள்ளும் புறமும் உள்ள வெப்ப வேறுபாட்டின் ஒவ்வொரு பாகைக்கும், 0.33 வாட்டுக்கு மேல் வெப்பம் கடத்தப்படலாகாது என்று 2017ஆம் ஆண்டுத் தொகுப்பு நம் பகுதிக்கு வரையறுத்தது. பள்ளிகளுக்கு மட்டும் சிறிது தளர்வு உண்டு. வெறும் கான்கிரீட் தளம் இதைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு வெப்பத்தை உள்ளே விடும். சுவர்ப்பரப்பில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் கண்ணாடி கூடாது. நம் பகுதியில் அக்கண்ணாடியும் தன்மீது விழும் சூரிய வெப்பத்தில் ஏறத்தாழக் கால்பங்கையே உள்ளே விட வேண்டும். சமதளக் கூரையின் மேற்பூச்சு வெயிலில் அறுபது விழுக்காட்டையாவது திருப்பி அனுப்ப வேண்டும். விளக்கு, குளிர்பதனம், நீரேற்றி ஆகியவற்றுக்கும் இவ்வாறே அளவுகள் உண்டு. இவற்றைக் கைக்கொண்ட கட்டடம் வழக்கமான கட்டடத்தைவிடக் கால்பங்கு மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்பது பணியகத்தின் கணிப்பு. இன்னும் கடுமையான இரு படிநிலைகளும் உள்ளன. அவற்றுள் உயர்ந்ததில் பாதி மிச்சமாகும்.

நம் முன்னோர் வாட்டைக் கண்டதில்லை, வெயிலைக் கண்டிருந்தனர். சாளரத்துக்குப் பழந்தமிழில் காலதர் என்று ஒரு பெயர். கால் என்பது காற்று, அதர் என்பது வழி. ஒளிக்காக அன்றிக் காற்றுக்காக வைத்த வழி என்பதைப் பெயரே காட்டிவிடுகின்றது. நெடுநல்வாடையில் அரண்மனைக்கு மனை வகுப்போர் நிழலை அளந்து, கயிறு பிடித்துத் திசை குறித்த பின்னரே பணியைத் தொடங்குகின்றனர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் உள்ள பழைய வீடுகளின் தடித்த சுண்ணாம்புச் சுவர்களும் நடு முற்றமும் அழகுக்காக மட்டும் ஏற்பட்டவை அல்ல. பொறியாளர்கள் ‘மெட்ராஸ் டெரஸ்’ என அழைக்கும் கூரையும் அத்தகையதே. தேக்கு மரக்கட்டைகளின்மேல் செங்கற்களைக் குத்துக்கல்லாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்திட்டு, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, மேலே தட்டோடு பதிப்பர். தளம் கான்கிரீட்டான பின்னரும் அதன்மேல் சுண்ணாம்பு ஜல்லியும் தட்டோடும் போடும் வழக்கம் சென்னைக் கொத்தனார்களிடம் நெடுங்காலம் நீடித்தது. இப்போது அதுவும் குறைந்து வருகின்றது. பழையதெல்லாம் பொன் என்று நாம் வாதிடவில்லை. இத்தனை தளம் உயர்த்த அம்முறை உதவாது. அதற்குத் தேக்கும் இல்லை, ஆளும் இல்லை. ஆனால் இன்றைய விதித்தொகுப்பு அயல்நாட்டுச் சரக்கு என்று ஒதுக்குவோர், அது கேட்பதையே நம் பாட்டனார் வீடுகள் செய்துகொண்டிருந்தன என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சி.டி.எச். சாலையில் அம்பத்தூரிலிருந்து ஆவடி நோக்கிச் செல்வோர் இருபுறமும் கண்ணாடி முகப்புகளைக் காணலாம். சாலை ஏறத்தாழக் கிழக்கு மேற்காக ஓடுவதால் கடைகளின் முகம் வடக்கும் தெற்கும் நோக்கியே அமைகின்றது. இது இயற்கை தந்த வாய்ப்பு. நம் அகலாங்கில் தெற்கு வெயிலைத் தடுக்க இரண்டடிச் சன்னற்கூரை பெரிதும் உதவும். அதை விட்டுவிட்டுத் தரையிலிருந்து மேல்தளம் வரை கண்ணாடி பதித்து, வெப்பத்தை உள்ளே அழைத்துவந்து, பின் அதை வெளியேற்றக் குளிர்பதனப் பெட்டி வாங்குவது எவ்வகைச் சிக்கனம் என்று விளங்கவில்லை. இவற்றுட் பல நூறு கிலோவாட் வரம்புக்குக் கீழே நிற்பதால் தொகுப்பின் கண்ணில் படுவதும் இல்லை.

தனியார் கடையை விடுவோம். அவர் பணம், அவர் கட்டணம். அரசுக் கட்டடத்தில் என்ன நிகழ்கின்றது? 1955 சனவரியில் நம் பக்கத்து ஆவடியில் கூடிய காங்கிரசு மாநாடு சோசலிசப் பாங்கான சமுதாயமே குறிக்கோள் எனத் தீர்மானித்தது. அக்குறிக்கோள் எவ்வளவு நிறைவேறிற்று என்பது வேறு ஆராய்ச்சி. அரசே நாட்டின் பெருங்கட்டுநராகவும் பெருங்கொள்முதலாளராகவும் ஆனதற்கு அக்காலக் கொள்கை ஒரு முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. ஆவடியின் கனரக ஊர்தித் தொழிற்சாலை அதற்கு அருகிலுள்ள சான்று. இத்தகைய பெருங்கொள்முதலாளர் எதை வாங்குகின்றார் என்பதைப் பொறுத்தே சந்தை எதை விற்கும் என்பதும் அமையும்.

அரசு கட்டடத்தை வாங்கும் முறையில் ஒரு நுட்பம் உண்டு. பொதுவாகக் கட்டடத்தின் வடிவத்தையும் அளவுகளையும் துறையே முடிவு செய்துவிடும். ஒப்பந்தக்காரர் அதே பட்டியலுக்குத் தம் விலையைக் குறிப்பார். எனவே உறையைத் திறக்கும் நாளில் எரிசக்தியைப் பற்றிப் பேச எதுவும் எஞ்சியிருப்பதில்லை. அது மதிப்பீடு எழுதும் மேசையிலேயே முடிந்துபோன செய்தி. அங்கேயோ, அனுமதிக்கப்பட்ட தொகைக்குள் எத்தனை அறை கட்டலாம் என்பதே முதற்கேள்வி. கூரைக்கு வெப்பத்தடுப்புப் பொருள் போடலாம் என்று ஓர் இளம்பொறியாளர் எண்ணினாலும், அது விலைவிகிதப் பட்டியலில் இடம்பெறாத பொருளாயின் தனிக்கணக்கும் தனி விளக்கமும் எழுதித் தணிக்கைக்கு விடை சொல்லும் பொறுப்பு அவர் தலையில் விழும். பட்டியலில் உள்ளதை எழுதினால் கேள்வி இல்லை. எவர்தாம் வம்பை விலைக்கு வாங்குவர்?

கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டு அமைப்போம். ஓர் அலுவலகக் கட்டடத்துக்கு இரு மதிப்பீடுகள் உள்ளன என்க. முதலாவது 5 கோடி ரூபாய். இரண்டாவது, கூரைத் தடுப்பும் சன்னல் நிழலும் நல்ல கருவிகளும் சேர்த்து, 5 கோடியே 25 இலட்சம். முதற்கட்டடத்தின் மின்கட்டணம் ஆண்டுக்கு 20 இலட்சம். இரண்டாவதன் கட்டணம் கால்பங்கு குறைந்து 15 இலட்சம். கூடுதலாகச் செலவிட்ட 25 இலட்சம் ஐந்தாண்டில் திரும்பிவிடும். முப்பது ஆண்டில் மிச்சம் 150 இலட்சம். வருங்காலப் பணத்துக்கு இன்று அம்மதிப்பு இல்லை என்பார் வணிகவியல் துறை நண்பர், உண்மையே. ஆண்டுக்கு நூற்றுக்கு எட்டு வீதம் கழித்தாலும் அம்மிச்சத்தின் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 56 இலட்சம் ஆகின்றது. மின்கட்டணம் ஒரு காசும் உயராது என்று கொண்டு போட்ட கணக்கு இது. அத்தகைய நல்லூழ் நமக்கு வாய்த்ததில்லை.

இவ்வளவு தெளிவான கணக்கு ஏன் தோற்கின்றது? பை இரண்டாக இருப்பதால். கட்டுவது ஒரு துறை. கட்டணம் கட்டுவது அதில் குடியேறும் மற்றொரு துறை. கட்டும் செலவு மூலதனக் கணக்கில் எழுதப்படும். மின்கட்டணம் வருவாய்க் கணக்கில் ஆண்டுதோறும் ஓசையின்றி வெளியேறும். முதற்பையைச் சுருக்கியவர் பாராட்டுப் பெறுகின்றார். அவர் சுருக்கியதனால் இரண்டாம் பை முப்பது ஆண்டு ஒழுகுவதை எவரும் அவர் கணக்கில் எழுதுவதில்லை. ஒரே நாட்டின் பணம் என்பது மட்டும் மறந்துபோகின்றது.

சரியாக எழுதப்பட்ட ஒப்பந்தப்புள்ளி எதைச் சாதிக்கும் என்பதற்கு நம் அண்டையிலேயே சான்று உள்ளது. எல்.இ.டி. விளக்குகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து வீடுகளுக்கு வழங்கும் திட்டத்தை எரிசக்தித் திறன் சேவை நிறுவனம் 2014 பிப்பிரவரியில் புதுச்சேரியில் தொடங்கியது. அப்போது கொள்முதல் விலை விளக்கு ஒன்றுக்கு 310 ரூபாய். 2015 சனவரியில் திட்டம் நாடு முழுவதற்கும் விரிந்தது. அடுத்தடுத்த ஒப்பந்தப்புள்ளிகளில் விலை சரிந்து சில ஆண்டுகளுக்குள் 38 ரூபாயைத் தொட்டது. முப்பத்தாறு கோடிக்கும் மேற்பட்ட விளக்குகள் அந்நிறுவனத்தின் வழியே மக்களைச் சென்றடைந்தன. அங்கும் குறைந்த விலைக்கே பணி அளிக்கப்பட்டது என்பது நோக்கத்தக்கது. ஆனால் விளக்கு எத்தனை வாட்டு, மூன்றாண்டுக்குள் பழுதானால் இலவசமாக மாற்றித் தரல் வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகள் முன்னரே எழுதப்பட்டிருந்தன. நிபந்தனை உறுதியாக நின்றதால் போட்டி முழுவதும் விலையில் நிகழ்ந்தது. மேலே நாம் சொன்னதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமோ?

வளைகுடாவிலிருந்தும் ஒரு சான்று தரலாம். அபுதாபி 2010இல் ‘எஸ்திதாமா’ என்னும் முறையைக் கொணர்ந்தது. நீடித்து நிலைத்தல் என்பது அவ்வரபுச் சொல்லின் பொருள். கட்டடங்களுக்கு முத்துகளால் தரம் குறிப்பர். புதிய கட்டடம் ஒவ்வொன்றும் ஒரு முத்தாவது பெறுதல் வேண்டும். அரசுப் பணத்தில் எழும் கட்டடம் இரண்டு முத்துப் பெறுதல் வேண்டும். குடிமகனுக்கு விதித்ததைவிடக் கடுமையான விதியை அரசு தனக்கு விதித்துக்கொண்டது. எண்ணெய்க் கிணற்றின்மேல் அமர்ந்திருப்போர் செய்த ஏற்பாடு இது. நம் அரசுகளும் இவ்வழியே செல்லலாம். அரசுக் கட்டடத்துக்கு நூறு கிலோவாட் வரம்பைப் பாராமல், சிறு ஊராட்சி அலுவலகமாயினும் தொகுப்பைக் கட்டாயமாக்கலாம்.

மைய அரசின் பொது நிதி விதிகள் 2017இல் திருத்தப்பட்டபோது, அமைச்சகங்கள் வாங்கும் மின்கருவிகள் குறிப்பிட்ட நட்சத்திரத் தரத்துக்குக் குறையலாகாது என விதிக்கப்பட்டது. 2021 அக்டோபரில் நிதி அமைச்சகம் மேலும் ஒரு படி சென்றது. தரம் இன்றியமையாததென அறிவிக்கப்படும் பணிகளில் விலையோடு தரத்துக்கும் மதிப்பெண் வழங்கலாம், அது நூற்றுக்கு முப்பதுக்கு மேல் போகலாகாது என்றது. கட்டுமானப் பணிகளில் குறைந்த விலை ஒன்றே வழி என்னும் நிலையில் விழுந்த முதற்பெருங்கீறல் அது.

இம்மதிப்பெண் முறையில் நமக்கு ஓர் அச்சம் உண்டு. ஆண்டாண்டாக விடைத்தாள் திருத்துவோர் அறிவர், மதிப்பெண் என்பது எவ்வளவு நெகிழக்கூடியது என்று. தரத்துக்கு இருபத்தைந்து இடுவதா இருபத்தெட்டு இடுவதா என்னும் மூன்று எண் இடைவெளியில் கோடிகள் கைமாறும். 1998ஆம் ஆண்டுச் சட்டம் எந்தக் கதவை அடைத்ததோ, அக்கதவின் வழியே பழைய விருந்தாளி மீண்டும் நுழைந்துவிடலாம். எனவே மதிப்பெண்ணைவிட ரூபாய்க் கணக்கையே நாம் விரும்புகின்றோம். குளிர்பதன இயந்திரம், நீரேற்றி, மின்தூக்கி போன்றவற்றை வாங்கும்போதும், வடிவமைப்பையும் கட்டுமானத்தையும் ஒருவரிடமே ஒப்படைக்கும்போதும், பத்தாண்டு அல்லது இருபதாண்டு மின்செலவை இன்ன வீதத்தில் கணக்கிட்டு விலையோடு கூட்டுவோம் என்று ஆவணத்திலேயே எழுதிவிடலாம். கூட்டிய தொகையில் குறைந்தவருக்கே பணி. கழித்தற்கும் கூட்டற்கும் லஞ்சம் கொடுக்க இயலாது. சொன்ன மின்செலவைக் கட்டடம் தாண்டினால் பிடித்தம் செய்யும் நிபந்தனையும் உடனிருத்தல் வேண்டும். இன்றேல் எவரும் தாளில் சிக்கனத்தை அள்ளி வீசுவர்.

சிறு ஒப்பந்தக்காரர்கள் நசுங்கிவிடுவர் என்னும் வாதத்தை இலேசாக ஒதுக்கலாகாது. அம்பத்தூர், ஆவடிப் பகுதிகளில் பத்துப் பதினைந்து ஆள்களை வைத்துப் பணிசெய்யும் எத்தனையோ பேர் உள்ளனர். விதித்தொகுப்பு ஆங்கிலத்தில் எழுதப்பட்ட தடித்த நூல். அதைப் படித்துப் பொருள் கொள்ள ஆலோசகர் ஒருவரை அமர்த்தும் வசதி பெருநிறுவனத்துக்கு உண்டு. மேஸ்திரியாக இருந்து ஒப்பந்தக்காரரானவருக்கு இல்லை. இங்கேதான் தமிழ்த்துறைக்கு வேலை இருக்கின்றது. வெப்பக் கடத்தளவு, வெயில் புகுவிகிதம், எதிரொளிப்பு என்று நூலோர் சொல் ஒருபக்கம் ஆக்கலாம். அதைவிட முதன்மையானது, சென்ட்ரிங், ஜல்லி, தட்டோடு, சன்ஷேடு என்று பணியிடத்தில் புழங்கும் சொற்களைக் கொண்டே இருபது பக்கத்தில் ஒரு கையேடு எழுதுதல். கொத்தனார் படித்தால் விளங்க வேண்டும். கலைச்சொல் ஆக்குகின்றோம் என்று அவரைத் துரத்திவிடலாகாது.

பயன்பாடு மாறுதல் என்னும் இடரையும் சுட்டியாக வேண்டும். சென்னை அரசினர் தோட்டத்தில் பசுமைக் கட்டட முறைப்படி அமைந்தது என்று பெருமையோடு கூறப்பட்ட சட்டமன்ற, தலைமைச் செயலக வளாகம் 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. ஆட்சி மாறியபின் அது பன்னோக்கு உயர்சிறப்பு மருத்துவமனையாக மாற்றப்பட்டு 2014 பிப்பிரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. மருத்துவமனையால் ஏழைகளுக்கு விளைந்த நன்மையை எவரும் மறுக்கவில்லை. பகல்நேர அலுவலகத்துக்கென வகுத்த கணக்கு இரவும் பகலும் இயங்கும் மருத்துவமனைக்குப் பொருந்தாது என்பதே நாம் குறிக்க வருவது.

அரசை இவ்வளவு கேட்ட நாம் நம் சமுதாய நிறுவனங்களையும் கேட்டாக வேண்டும். பெரியோர் பொறுத்தருள்க. அரசுக்குப் பை இரண்டு என்னும் சாக்காவது உண்டு. பள்ளிவாசலையும் ஷாதி மஹாலையும் கல்லூரியையும் கட்டுவதும் கட்டணம் செலுத்துவதும் ஒரே நிர்வாகந்தான். அப்படியிருந்தும் அதே முறை இங்கும் நிகழ்கின்றது. காரணம், இங்கும் பை இரண்டு. கட்டுவதற்கு நன்கொடை வருகின்றது, மின்கட்டணத்துக்கு வருவதில்லை. வாயிலுக்கும் மினாராவுக்கும் பளிங்குத் தரைக்கும் கொடையளிப்போர் பெயர் கல்லில் பொறிக்கப்படுகின்றது. கூரைக்கடியில் மறைந்து கிடக்கும் வெப்பத்தடுப்புக்குக் கொடையளித்தவரின் கல்லை எங்கே பதிப்பது? ஆகவே அதற்குக் கொடையும் இல்லை. கட்டி முடித்தபின் வரும் கட்டணம் வெள்ளிக்கிழமைத் துண்டில் விழும் பணத்திலிருந்தும் வக்ஃபின் வாடகையிலிருந்தும் போகின்றது. ஏழை மாணவரின் கல்வி உதவிக்கும் விதவையரின் மாதப்படிக்கும் உரிய பணம் அது.

பள்ளிவாசலின் பயன்பாடு தனித்தன்மை உடையது. ஜும்ஆ நாளில் நிரம்பி வழியும் கூடத்தில் பஜ்ருக்கு ஒரு வரிசை நிற்கின்றது. அவ்வொரு வரிசைக்காகக் கூடம் முழுவதையும் குளிர்விக்கும் அமைப்பை நிறுவுவது அறியாமை. முன்வரிசைகளுக்குத் தனிப்பகுதி, தனிக்கருவி, மற்ற வேளைகளில் காலதர் என்று வகுத்தால் கட்டணம் எவ்வளவோ குறையும். வீண்விரயத்தை மார்க்கம் எவ்வளவு வன்மையாகக் கண்டிக்கின்றது என்பதையும், பொதுச்சொத்து அமானிதம் என்பதையும் ஆலிம்கள் அறிவர். நாம் அவர்களுக்கு எடுத்துரைக்கத் தேவையில்லை. குத்பா மேடையிலிருந்து மின்கட்டணச் சீட்டைப் பற்றி ஒருமுறை பேசினால் போதும் என்று மட்டும் வேண்டுகின்றோம்.

கல்லூரிகளில் மூன்று விலைப்புள்ளி வாங்கி அவற்றுள் குறைந்ததை ஏற்பது வழக்கம். மின்விசிறியையே எடுத்துக்கொள்வோம். 2023 சனவரி முதல் நட்சத்திரக் குறியீடு இன்றி மேற்கூரை மின்விசிறி விற்கலாகாது. பழையவகை விசிறி 75 வாட்டு அளவில் ஓடும், பி.எல்.டி.சி. வகை 30 வாட்டு அளவில் அதே காற்றைத் தரும். ஆறு விசிறி உள்ள வகுப்பறை, நாளுக்கு எட்டு மணி, ஆண்டுக்கு இருநூறு நாள் என்று கொண்டால் 432 அலகு மிச்சம். அலகுக்கு எட்டு ரூபாய் என்று வைத்தால் 3,456 ரூபாய். விசிறி ஒன்றுக்கு விலை வேறுபாடு 1,300 ரூபாய் எனினும், ஆறுக்கும் சேர்த்து 7,800 ரூபாய். இரண்டேகால் ஆண்டில் அது திரும்பிவிடும். மூன்று விலைப்புள்ளிகளை ஒப்பிடும் தாளில் விலைக்கு அடுத்து ‘ஐந்தாண்டு மின்செலவு’ என்று இன்னொரு பத்தி வரைந்தால் இது தானே வெளிப்படும். அதற்குப் புதிய சட்டம் வேண்டா; அளவுகோலும் பென்சிலும் போதும்.

அப்பத்தியை வரையத் தேவையான விவரங்களைத் திரட்ட நம் மாணவர்களே போதும். எந்த அறையில் எத்தனை விசிறி, எத்தனை விளக்கு, எத்தனை வாட்டு, எந்தச் சன்னல் மேற்கு நோக்கியது, எந்தக் கூரையில் தட்டோடு பெயர்ந்துள்ளது என்பதை ஒரு வாரத்தில் குறித்துவிடலாம். இயற்பியல் மாணவர் அளக்கட்டும். வணிகவியல் மாணவர் கணக்கிடட்டும். தமிழ் மாணவர் அதைப் படிக்கத்தக்க தமிழில் எழுதி நிர்வாகத்திடம் அளிக்கட்டும். மேல்தளத்து வகுப்பறைகளில் தொடங்குவது நலம்.